ஆறு கால்களும் பன்னிரண்டு காந்தங்களும்

என் மனைவியின் முனைவர் பட்ட ஆய்வுப் பதிவைப் பற்றிய கடிதம் பெங்களூரிலிருந்து வந்த அன்று நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். அஞ்சல்காரர் அதை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாலையில் வாங்கிப் படித்தவள், மடித்து உறைக்குள் போட்டு, "ஆறு மாசம் குடுத்திருக்காங்க" என்றாள். மற்றவற்றை நானே பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் செய்துகொண்டிருந்த சிறு இயந்திரம் ஆறு மாதத்துக்குள் ஆய்வுக் குழுவின் கண்முன் பழுதின்றி நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பதிவு நீக்கப்படும். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இன்னொரு முறை பதிவு செய்ய வயது வரம்பு இடம் தராது என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அதை எங்களுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தருமபுரியில் நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். அவள் பாலிடெக்னிக்கில் கருவியியல் கற்பித்தாள். பென்னாகரம் சாலையில் வாடகை வீடு. அவள் காலமாகி இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. இதை எழுதும்போது நாள்களிலும் எண்ணிக்கைகளிலும் பிழை நேரக்கூடும். திருத்திக் கொடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஆகவே உறுதியாக நினைவில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன்.

இயந்திரம் ஒரு சோப்புப் பெட்டியின் அளவுதான். ஆறு கால்கள். நடுவில் பழைய கேசட் பிளேயரிலிருந்து கழற்றிய மோட்டார். அதிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக மூன்று கால்கள் ஒரு தடவையும் எஞ்சிய மூன்று மறு தடவையும் முன்னே எறியப்படும். மனிதக் கை நுழையாத குழாய்களுக்குள்ளும் இடிபாடுகளுக்குள்ளும் நடந்துபோகும் சிறு ரோபோக்கள் ஒருநாள் வரும் என்று அவள் நம்பினாள். ரோபோ என்ற சொல்லே அன்று எங்கள் ஊரில் பழக்கமில்லை. பாலிடெக்னிக்கில் அதற்குப் பூச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் இருந்த ஏளனத்தை அவள் பொருட்படுத்தவில்லை. சில நாள்களில் அவளும் அப்படியே அழைக்கத் தொடங்கினாள்.

பூச்சியின் குறை மூட்டுகளில் இருந்தது. காலை முன்னே எறிய மோட்டார் போதும். எறியப்பட்ட கால் தரையில் ஊன்றும்போது சற்று வளைந்துகொடுத்து, தூக்கியவுடன் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சுருள்வில் தேவை. பெரிய இயந்திரங்களில் இது ஒரு பொருட்டே அல்ல. மூட்டு சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குக் குறுகும்போது வில்லின் கம்பி தலைமுடியின் கனத்துக்கு வந்துவிடுகிறது. அந்தக் கம்பி விறைத்துக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் சில நூறு அடிகளில் சோர்ந்து ஒடியும். ஊசியைச் சுற்றி அவள் செய்த வில்கள் ஒடிந்து ஒடிந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை நிறைத்திருந்தன. அவளுடைய வழிகாட்டி, நல்ல மனிதர்தான், இயந்திரத்தை விட்டுவிட்டுத் தாளிலேயே முடிக்கக்கூடிய வேறொரு தலைப்புக்கு மாறிக்கொள்ளுமாறு இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டு முறையும் அவள் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினாள், மாறவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பாய்தான் அவளுக்கு மோட்டார்கள் தேடிக் கொடுப்பவர். அவருடைய மைத்துனர் துபாயில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் சிறிய கேசட் பிளேயர்களும் காதில் மாட்டும் ஹெட்போன்களும் பழுதானால் மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் இந்தப் பாயிடம்தான் வந்து சேரும். கடிதம் வந்த வாரத்தில் அவள் கடைக்குப் போனபோது நானும் உடன் போனேன்.

"வாங்க டீச்சரம்மா. மறுபடியும் புட்டுக்கிச்சா?"

"மோட்டாரு நல்லாத்தான் ஓடுது பாய். காலுதான் நிக்க மாட்டேங்குது."

"எந்திர மனுசன் செய்யறேன்னு சொன்னீங்க. ஆறடி ஆளு ஒருத்தன் வந்து என் கடையக் கூட்டிப் பெருக்குவான்னு பார்த்தேன். கரப்பான்பூச்சியக் கொண்டாந்து காட்டறீங்க. அதுக்கும் காலு வெளங்கல."

"மனுசனுக்கு ரெண்டு காலுதான பாய். இதுக்கு ஆறு இருக்குதில்ல?"

"அப்ப ஒண்ணு ரெண்டு காலைச் சாரைப் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பேசிக்கொண்டே அவர் ஒரு ஹெட்போனைப் பிரித்தார். உள்ளேயிருந்து வந்த காந்தம் சட்டைப் பொத்தானில் பாதியளவுகூட இருக்காது. அதை மேசைப் பலகையின் மேல் வைத்தார். திருகாணிகள் உருண்டோடாமல் இருப்பதற்காகப் பலகையின் அடியில் வேறொரு காந்தத்தை அவர் நிரந்தரமாக ஒட்டிவைத்திருந்தார். மேலே வைத்தது தானாக நகர்ந்து, அடியில் இருந்ததற்கு நேர்மேலே போய் நின்றது. என் மனைவி அதை விரல்நுனியால் பக்கவாட்டில் தள்ளி விட்டாள். திரும்பி வந்தது. எதிர்ப்பக்கம் தள்ளினாள். திரும்பி வந்தது.

"கைய நடுவுல வெக்காதீங்க டீச்சரம்மா. சின்னதா இருந்தாலும் கடிச்சுப்புடும்."

அவள் தள்ளினாள், விட்டாள், தள்ளினாள். பாய் என்னைப் பார்த்தார். அவர் வரவழைத்திருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது; அதை நான் குடித்து முடித்தேன்.

"பாய், இந்த மாதிரி பன்னெண்டு கெடைக்குமா?"

"பன்னெண்டா? ஜில்லாவுல இருக்கற காதையெல்லாம் அறுத்தாத்தான் கெடைக்கும்."

"அறுங்க" என்றாள்.

அவளுடைய திட்டம் எளிமையானது. மூட்டின் மேற்பாதியில், உடலோடு சேர்ந்து, ஒரு காந்தம். காலின் தலைப்பில் இன்னொன்று. வேற்றுமுனைகள் ஒன்றையொன்று பார்த்திருக்க, நடுவில் ஓர் அஞ்சலட்டையின் கனத்துக்கு இடைவெளி. கால் விலகினால் காந்தம் காந்தத்தை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்திவிடும். வளைவதற்குக் கம்பி இல்லை. ஆகையால் சோர்வதற்கும் ஒடிவதற்கும் எதுவும் இல்லை.

நான் அதை எதிர்த்தேன். கால் எவ்வளவு விலகினால் எவ்வளவு இழுப்பு என்று மூன்று மாலைகள் செலவிட்டுக் கணக்கிட்டு, வரைபடத் தாளில் வரைந்தேன். எஃகு வில்லை விலக்க விலக்க அதன் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். காந்தத்தின் கதை வேறு. விலகல் சிறிதாக இருக்கும்வரை இழுப்பு கூடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் குறையத் தொடங்குகிறது. பிறகு இல்லாமலே போகிறது. என் கோடு ஒரு சிறு குன்றைப் போல ஏறி, மறுபக்கம் இறங்கியது.

"இந்த எடத்தைத் தாண்டினா உன் காலு தொங்கிடும்" என்று இறங்கும் பக்கத்தைக் காட்டினேன்.

"தொங்கட்டுமே."

"வில்லுன்னா கடைசி வரைக்கும் புடிச்சுக்கணும்."

"கடைசி வரைக்கும் புடிச்சுட்டு நின்னதாலதாங்க அத்தனையும் ஒடிஞ்சுது."

இதை வாதத்துக்காகச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். வரைபடத்தின் கீழே 'ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதி அவள் மேசையில் வைத்தேன். கையெழுத்தும் இட்டேன். வீட்டுக்குள் மனைவியிடம் கொடுக்கும் தாளில் கையெழுத்து எதற்கு என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை.

அவள் தாளை எடுத்துப் பத்திரப்படுத்தினாள், வேலையை நிறுத்தவில்லை. பாய் காந்தங்களை ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்துக் கொடுத்தார். பன்னிரண்டும் சேர ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் அவள் இயந்திரத்திலிருந்து இரும்பை ஒன்றுவிடாமல் வெளியேற்றிக்கொண்டிருந்தாள், மோட்டாரைத் தவிர. பழைய கால்கள் குடைக் கம்பியில் செய்தவை. காந்தம் வந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டன. ஆகவே ஊதுபத்திக் குச்சியின் மூங்கிலைச் சீவிக் கால்கள் செய்தாள். ஆணிகளைப் பித்தளைக்கு மாற்றினாள். பல நாள்கள் எங்கள் வீட்டில் ஊதுபத்தியின் மணம் கமழ்ந்தது; பூஜை எதுவும் நடக்கவில்லை.

வேலை முடிந்த இரவுகளில் பூச்சியை ஜன்னல் கம்பியில் ஒட்டவைத்துவிடுவாள். மேசையில் வைத்தால் கத்திரிக்கோலும் ஊசிகளும் அதனிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பல்லியைப் போல அது கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு அம்மாள் தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தார். நாங்கள் இருவருமே அவரை அக்கா என்றுதான் அழைப்போம். வீட்டில் கன்னடம் பேசுபவர். அமைதியாக இருக்கும்போது தமிழில் பேசுவார், பதற்றம் வந்தால் கன்னடம் வந்துவிடும். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று "சேளு! சேளு!" என்று அலறல் கேட்டது. கன்னடத்தில் தேளுக்கு அதுதான் பெயர் என்று எனக்கு விளங்குவதற்குள் அவர் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து ஜன்னல் கம்பியின் மேல் மூன்று அடி போட்டிருந்தார். பூச்சி தரையில் விழுந்தது. நான்காவது அடி அதன் முதுகில் நேராக விழுந்தது.

"அக்கா! நிறுத்துங்க! அது என் பூச்சி!" என்று என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"உன் பூச்சியா? ஏ டீச்சரு, இத்தாத்தண்டி பூச்சிய எவளாச்சும் வூட்டுல வெச்சு வளப்பாளா?"

"அது உசுருள்ளது இல்லக்கா. நான் செஞ்சது."

"அய்யோ, செஞ்சதா? ஒடச்சுட்டனா? சார், நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பேப்பரையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க!"

ஆறு கால்களும் ஆறு திசைகளில் விரிந்து கிடந்தன. எனக்குக் கணக்கு தெரியும்: நான்கு மாதங்கள் போயின, மீதி இரண்டே மாதங்கள். அவள் தரையில் உட்கார்ந்து பூச்சியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு காலை நகத்தால் மெல்ல உள்ளே தள்ளினாள். 'டக்' என்று ஒரு சத்தம். கால் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்த கால், மறுபடி அதே சத்தம். ஆறு முறை அந்தச் சத்தம் கேட்டது. பிறகு கம்பிகளைப் பேட்டரியில் கொடுத்தாள். பூச்சி எழுந்து, நேராக அக்காவின் காலை நோக்கி நடந்தது. அவர் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டார். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எஃகு வில் பொருத்தியிருந்தால் அந்த அடியில் ஆறும் முறிந்திருக்கும். என் கோட்டின் இறங்கும் பக்கம்தான் அன்று பூச்சியைக் காப்பாற்றியது. தாங்க முடியாத இடத்தில் காந்தம் பிடியை விட்டுவிட்டது. விட்டதால் எதுவும் உடையவில்லை. அன்று மாலை அந்த வரைபடத்தைத் தேடியெடுத்து, கீழே எழுதியிருந்த சொல்லை அடித்துவிட்டு, அவள் மேசையிலேயே வைத்தேன். அவள் பார்த்தாள் என்று தெரியும். எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுவாரம் மழைவிட்ட ஒரு மாலையில் பூச்சியை முதன்முறையாக வாசலில் இறக்கினோம். பத்து அடி வைத்திருக்கும். கால்கள் மந்தமாயின. பதினைந்தாவது அடியில் நின்றுவிட்டது. தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டிலும் கறுப்புத் தாடி முளைத்திருந்தது.

எங்கள் பக்கத்து மண்ணில் இரும்பு உண்டு. மழை ஓய்ந்தபின் வாசலோரம் கருமணல் கோடு கோடாகப் படிந்திருக்கும். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் காந்தம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் செய்வது அதை நூலில் கட்டி மண்ணில் இழுப்பதுதான். நாங்கள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். இருவரும் சிறுவயதில் அதைச் செய்தவர்கள். இயந்திரத்திலிருந்து இரும்பை ஒரு துண்டு விடாமல் விரட்டியபின், அந்த இரும்பின் மேலேயே அதை நடக்கவிட்டிருக்கிறோம். அன்றிரவு சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கிள்ளி, காந்தங்களை ஒற்றி ஒற்றிக் கருமணலை எடுத்தாள். மாவு முழுவதும் கறுத்தது. சாப்பாட்டுக்கு உப்புமா செய்தோம்.

மூட்டுகளை மூடியாக வேண்டும். எண்ணெய்த் தாள் இரண்டே நாளில் கிழிந்தது. பலூன் ரப்பர் கிழியவில்லை. ஆனால் அது தானே ஒரு வில்லாகிக் காலைத் தன் பக்கம் இழுத்தது. மெல்லிய தோல் கனத்தது. ஐந்து வாரங்கள் எஞ்சியிருந்தன. கல்லூரியில் என் சக ஆசிரியர் ஒருவர், "உங்க வூட்டுப் பூச்சிக்கு மருந்து அடிச்சாச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

அக்கா அந்த நாள்களில் அடிக்கடி வந்தார். விளக்குமாற்றால் அடித்த உறுத்தல் அவருக்குப் போகவில்லை. வந்தவுடன், "ஒடம்பு எப்படி இருக்குது அதுக்கு?" என்று விசாரிப்பார். அவருடைய தம்பி பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர். தருமபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடுகளை விற்க வரும்போது, அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிய கூடுகளை அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போவார். துளை விழுந்த கூட்டிலிருந்து நூல் எடுக்க முடியாது; அங்காடியில் அதற்கு மதிப்பில்லை. அக்கா அவற்றைக் கோத்து வாசலுக்குத் தோரணம் கட்டுவார். ஒருநாள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி அவர் மடியிலிருந்து ஒரு கூட்டை எடுத்தாள். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பூச்சியின் ஒரு காலைக் கழற்றி, துளை வழியாக மூங்கிலை வெளியே விட்டு, கூட்டின் அடிப்பாதியை வெட்டி, மூட்டின் மேல் தொப்பி போல மாட்டினாள்.

"அக்கா, இதுல ஆறு வேணும்."

"ஆறு எதுக்கு, மூட்டையே கெடக்குது. பூச்சி கட்டுன வூடு, பூச்சிக்கே போவட்டும்."

கூடு எடையே இல்லாதது, அழுத்தினாலும் நசுங்காதது. பட்டுப்பூச்சி வெளியேறிய துளையின் விளிம்பில் பிசிறான இழைகள் இருந்தன. கால் ஆடும்போது அவை ஒரு தூரிகையைப் போல மூங்கிலைத் துடைத்துக் கொடுத்தன. கருமணல் வந்து ஒட்டத்தான் செய்தது. ஆனால் கூட்டின் வெளிப்புறத்தில், காந்தத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டியது. அந்தத் தொலைவில் இழுப்பு எவ்வளவு குறையும் என்று நான் கணக்கிட்டுக் கொடுத்தேன். இம்முறை கீழே எதுவும் எழுதவில்லை.

ஆய்வுக் குழு குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்குப் பாலிடெக்னிக்குக்கு ஜீப்பில் வந்தது: தலைவர், வழிகாட்டி, இன்னொருவர். வெளியூரிலிருந்து தருமபுரிக்கு எந்தக் குழு வந்தாலும், பயணத் திட்டத்தில் எழுதப்படாமல் ஒகேனக்கல் இருக்கும். பதினொன்றுக்குக் கிளம்பினால்தான் பரிசலும் மீன்சோறும் என்று டிரைவர் வாசலிலேயே அறிவித்துவிட்டார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பாய் கடையைப் பூட்டிவிட்டு, மாற்று மோட்டார் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்தார்.

ஆய்வகத் தரையில் பூச்சி தடையின்றி நடந்தது. தலைவர் தமிழர், பல ஆண்டுகளாகப் பெங்களூர்வாசி. நின்றபடியே பார்த்தார்.

"வழவழன்னு இருக்கற தரையில எது வேணும்னாலும் நடக்கும்மா. பொம்மைகூட நடக்கும். வெளியில விடுங்க, பார்க்கலாம்."

"விடலாம் சார்" என்றாள்.

முந்தைய இரவு மழை பெய்திருந்தது. முற்றத்தில் கருமணல் கோடுகள் ஈரத்தோடு பளபளத்தன. பாய் என் அருகில் வந்து, "சார், எல்லாம் கருமணலு" என்று முணுமுணுத்தார். நான் தலையசைத்தேன். ஆய்வகப் படியிலிருந்து கொடிக்கம்பத்தின் மேடை வரை நடக்க வேண்டும் என்றும் இடையில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் தலைவர் சொன்னார். சுமார் முப்பது அடி தூரம் இருக்கும். பூச்சியிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளின் மறுமுனையில் பேட்டரிப் பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. பெட்டியில் மூன்று செல்கள். இரண்டை மட்டுமே பயன்படுத்தி வந்தோம். மூன்றாவதைச் சேர்க்க ஒரு குமிழ் உண்டு.

பூச்சி நடந்தது. பாதித் தூரம் வரை குறையில்லை. பிறகு வெண்மையான கூடுகள் ஆறும் கறுக்கத் தொடங்கின. ஈர மணல் அப்பிக்கொண்டே வந்தது. வெளிப்புறத்தில்தான் ஒட்டியது என்றாலும் கனம் கனம்தான். கால்கள் தூக்குவது தாமதமாயிற்று. தலைவர் வழிகாட்டியின் பக்கம் திரும்பி, "அவ்வளவுதான் போலிருக்கு" என்றார்.

"ஏங்க, மூணாவதைப் போடுங்க" என்றாள்.

"டீச்சரம்மா, வேணாம்!" என்று பாய் பதறினார். "மோட்டாரு கருகிப்போயிரும். ரெண்டு நிமிசம் தாங்காது!"

"அரை நிமிசம் போதும் பாய்."

அந்த வேகத்தில் கால்கள் காந்தங்களின் எல்லையைத் தாண்டி எறியப்படலாம் என்பது எனக்குத் தெரியும். ஆறும் ஒரே நேரத்தில் விலகினால் பூச்சி அங்கேயே படுத்துவிடும். அத்துடன் எல்லாம் முடிந்துவிடும். எந்த வேகத்தில் அது நேரும் என்பதை நான் கணக்கிட்டதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழைத் தள்ளினேன்.

பூச்சி உடல் முழுதும் உதறிக்கொண்டது. நீரிலிருந்து கரையேறிய நாய் உதறுவது போல. கூடுகளின் மேலிருந்த கறுப்பு கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. பட்டின் வெண்மை மறுபடி தெரிந்தது. இரண்டு கால்கள் விலகின; விலகியவை அடுத்த வீச்சிலேயே திரும்பி வந்து உட்கார்ந்தன. எனக்கு அந்த 'டக்' கேட்டது.

"கொறைங்க" என்றாள்.

குறைத்தேன். பூச்சி பழைய வேகத்துக்கு வந்து நடந்தது. அதன் பின்னால் ஈரமண்ணில் சிறிய கருங்குவியல்கள் கிடந்தன. சற்றுத் தொலைவில் ஒரு கூழாங்கல். இடப்பக்க முன்கால் அதில் மோதி விலகி, ஓர் அடி இழுபட்டு, மறு அடியில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப என்னம்மா சத்தம் அது?" தலைவர் குனிந்திருந்தார்.

"கால் விலகித் திரும்ப உட்கார்ந்துச்சு சார்."

"தானாவா?"

"தானாத்தான் சார். உள்ள ஸ்பிரிங்கே கெடையாது. காந்தம் மட்டும்தான்."

அவர் வேட்டி கட்டியவர் அல்லர். தேய்த்து மடிப்புக் கலையாத கால்சட்டை. அதோடு ஈரமண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பூச்சியோடு பக்கவாட்டில் நகர்ந்தார். பூச்சி கொடிக்கம்ப மேடையின் சிமென்டில் போய் முட்டி, முட்டிய பின்னும் கால்களை விலக்கியும் சேர்த்தும் முன்னேற முயன்றுகொண்டிருந்தது. எதுவும் ஒடியவில்லை. நான் பேட்டரியை நிறுத்தினேன்.

தலைவர் எழுந்து நேராக என்னிடம் வந்து கை கொடுத்தார். "அருமையான வேலை சார். இந்த யோசனை எப்படி வந்தது உங்களுக்கு?"

"எனக்கு வரலீங்க. இது ஆகாதுன்னு கணக்குப் போட்டு, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தவன் நான். யோசனை, வேலை ரெண்டும் அவங்களோடது. நான் பேட்டரி புடிச்சேன்."

இதை நான் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். வரைபடம் கிடந்த மேசையருகில் சொல்லாமல் விட்டதை, மூன்று பேராசிரியர்களுக்கும் ஒரு ரேடியோ மெக்கானிக்குக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். தலைவர் சற்று முகம் சிவந்து, அவள் பக்கம் திரும்பினார். அதன்பின் அவர்களுடைய கேள்விகள் நிற்கவில்லை. மூட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இடைவெளியைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன, இன்னும் சிறிதாகச் செய்ய முடியுமா, அரிசியளவு மூட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்டார்கள். சிறிதாகச் சிறிதாகத்தான் சுருள்வில்லுக்குக் கஷ்டம், காந்தத்துக்கு இல்லை என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்த மாணவர்கள் சுற்றி நின்றார்கள். மூன்றாமவர் பூச்சியைப் படியிலிருந்து மறுபடி மறுபடி நடக்கவிட்டு ரசித்தார். பாய் ஒவ்வொரு முறையும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து வாயால் ஊதினார். டிரைவர் இருமுறை வந்து, "சார், மீனு தீந்துபோயிரும்" என்று நினைவூட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை வந்தவர் பூச்சியைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அவர்கள் கிளம்பும்போது மணி இரண்டு. ஜீப்பின் முன்மூடியின் மேல் கோப்பை விரித்து வைத்துத் தலைவர் எழுதினார். மற்ற இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார். ஜீப் வாயிலைத் தாண்டும்வரை அவள் அதைப் பிரிக்கவில்லை. பிறகு பிரித்துப் பார்த்து என்னிடம் நீட்டினாள்.

"ஒரு எழுத்தும் புரியலீங்க. நீங்க படிங்க."

எழுத்து மோசம்தான், படிக்க முடியாத அளவுக்கு இல்லை. வாங்கிப் படித்தேன்: பதிவு தொடரலாம், இயந்திரம் திருப்திகரமாக நடந்தது, ஆய்வேட்டை எழுதத் தொடங்கலாம்.

"இன்னொரு தடவை."

படித்தேன்.

"பாய்க்குக் கேட்டிருக்காது. சத்தமாப் படிங்க."

பாய் ஆய்வகப் படியில் உட்கார்ந்து மோட்டாரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவன் நான். அந்த மூன்று வரிகளைப் படித்த அளவுக்கு உரக்க வேறெதையும் படித்ததில்லை.

"கேட்டுச்சு சார், கேட்டுச்சு! ஊருக்கே கேட்டுச்சு!" என்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

நான்காவது முறை அவள் கேட்கவில்லை. நானாகவே படித்தேன்.